இளங்குட்டி ஓட்டம் நின்றது ஏன்

— ...வாசிக்கறேன், கேளுண்ணா. "இரண்டு வயதுக் குதிரைகளுக்கான இந்த ஓட்டம் நாற்பத்தோரு வருடம் நடந்தது. ஆயிரம் மீட்டர். முதல் வருடம் ஓடியவை ஆறே குட்டிகள்..."

— அதெல்லாம் சரி. நின்னதுக்கு என்ன காரணம் போட்டிருக்கே?

— இன்னும் எழுதல.

— குதிரை குறைஞ்சுபோச்சுன்னு எழுது.

— கடைசி வருஷம் பதினாலு ஓடிச்சே!

— ரேஸ் கிளப் மலர்தானே எழுதறே? வக்கீல் மாதிரி குடையாதே.

— கடைசி ஓட்டத்துல குதிரை ஏறின ஜாக்கி பத்து மணிக்கு வர்றார்ண்ணா. அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி அந்தப் பக்கத்தைப் படிக்கணுமாம்.

— யாரு... அவனா?

— அவரேதான். கட்டைக்காலோட மாடி ஏறி வர்றாராம்.

— இப்ப மணி என்ன?

— ஒன்பது அம்பத்தஞ்சு. எங்கே எழுந்து போறே? உட்காரு, தண்ணி குடி.

— இருபது வருஷமா அவன் கண்ணுல படாம ஒளியறேன். பேரு குதிரை டாக்டர். பொழப்பு எலிப் பொழப்பு.

— அன்னிக்கு நடந்ததை நீ சொன்னதே இல்ல.

— உனக்குத் தெரியாதா? எக்ஸ்ரே எடுத்துக் கொடுத்ததே நீதானே.

— கொடுத்தேன்... நீ சொல்லு.

— எல்லாக் குதிரைக்கும் ஜனவரி ஒண்ணுதான் பிறந்த நாள்னு காகிதக் கணக்கு. அந்தச் சாம்பல் குட்டி ஜூன்ல பிறந்தது, நிஜ வயசு கம்மி. முட்டி எலும்பு முத்தியிருந்தாத்தான் ஓட விடணும். படத்தைப் பார்த்தேன். முத்தியிருச்சுன்னு கையெழுத்துப் போட்டேன்.

— அப்புறம்?

— முந்நூறு மீட்டர்ல முட்டி உடைஞ்சு விழுந்துச்சு. அவன் கால் அதுக்கு அடியில. அதோட ஓட்டத்தையே மூடிட்டாங்க.

— அன்னிக்கு ஒரு செவலைக் குட்டியோட படத்தையும் பார்த்து, எலும்பு முத்தல, ஓட வேண்டாம்னு நிறுத்தினியே...

— அது அப்புறம் ஆறு வருஷம் ஜம்முனு ஓடிச்சு! என் கண்ணே அவிஞ்சுபோச்சுன்னுதான் வேலையை விட்டேன்.

— அண்ணா... படியில தடிச் சத்தம்.

— கேட்குது. அவன் முகத்தைப் பார்க்கவே பயமா இருக்கும்மா.

— எனக்கும் பயமா இருக்கு.

— உனக்கென்ன பயம்? டாக்டர் தப்பாப் பார்த்துட்டார்னு எழுது. நானே அவன்கிட்ட சொல்லிடறேன். கையை விடு... கதவைத் தட்டறான்.

— திறக்காதேண்ணா. நீ சரியாத்தான் பார்த்தே... சாம்பல், செவலை ரெண்டு படத்துலயும் பேர்ச்சீட்டை மாத்தி ஒட்டினவ நான்.