ஞாயிற்றுக்கிழமைச் சத்தம்

— ஷட்டரை முழுசா தூக்கிட்டீங்களா அண்ணி? பாதியில நிறுத்தாதீங்க. புகை உள்ளயே சுத்தினா மயக்கம் போட்டு விழுந்துடுவீங்க. அப்புறம் அதுக்கும் நான்தான் பதில் சொல்லணும்.

— தூக்கிட்டேன் தாயே. மட்கார்டு மேல பழைய துண்டை மடிச்சுப் போட்டு, அது மேல போனை வெச்சிருக்கேன். பெயிண்ட்ல கீறல் விழும்னு நீ கத்தறதுக்கு முன்னாடியே சொல்லிட்டேன்.

— பேட்டரி?

— புதுசு. பழைய பெட்ரோலை வடிச்சாச்சு. கிட்டத்தட்ட ஒரு வருஷமா நின்னது, வார்னிஷ் மாதிரி நாத்தம். புதுசு ஊத்தியிருக்கேன். பிளக் ஆறையும் மாத்தியாச்சு. நேத்து நீ வேண்டா வெறுப்பா சொன்னதுல ஒண்ணுகூட விடல.

— வேண்டா வெறுப்பாதான் சொன்னேன். கூடப்பிறந்த அண்ணன் போயி வருஷம் திரும்பறதுக்குள்ள அவரு ரேஸ் காரை விக்கப் போறாங்கன்னா, வேற எப்படிச் சொல்லுவாங்க? வீட்டுக்கு ஒரே ஒரு மெக்கானிக் நான். என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? ஆனா அது இருமிக்கிட்டே இன்னொரு வீட்டுக்குப் போறதை என்னால தாங்க முடியாது. அதுக்காகத்தான் போனை எடுத்தேன்.

— அது கிடக்கட்டும். இப்ப என்ன செய்யணும், அதைச் சொல்லு ஸ்பானர்.

— அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடாதீங்க. அது அண்ணன் கூப்பிடற பேரு.

— சரிங்க நாத்தனாரே. சொல்லுங்க, கேட்டுக்கறேன்.

— கிண்டலுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. நியூட்ரல்ல இருக்கான்னு பாருங்க. பாத்துட்டு கிளட்சை...

— மிதிச்சாச்சு.

— நான் இன்னும் சொல்லி முடிக்கலையே.

— சொல்லத்தானே போற. சாவியைத் திருப்பறேன். வா, வா... ம், பிடிச்சுக்கிச்சு. கேக்குதா?

— கேக்குது. ஆனா போன்ல வெறும் இரைச்சலா விழுது. கியர் மாத்தினாக்கூட தெரிஞ்சுடும், இந்த மாதிரி நின்ன இடத்துல ஓடறது தெரியாது. பக்கத்துல நின்னு கேக்கணும். மூணு வருஷம் முன்னாடி முட்டியில ஆபரேஷன் பண்ணதுலேர்ந்து பையன் என்னை ரயிலே ஏத்த மாட்டேங்கறான்.

— பக்கத்துல நான் நிக்கறேன் இல்ல?

— நீங்களா? ரேஸ் நடக்கும்போது கேலரியில கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு நிப்பீங்க. முழுசா ஒரு சுத்து பாத்திருப்பீங்களா?

— கண்ணைத்தானே மூடினேன். காதை மூடலையே. எத்தனை வண்டி சேந்து வந்தாலும் உங்க அண்ணன் வண்டி எதுன்னு எனக்குத் தெரியும். வளைவு வரும் முன்னாடி அது ரெண்டு தடவை செருமும், மேடையில பேசப் போறவர் மாதிரி.

— ஆமா, கியரை இறக்கறதுக்கு முன்னாடி ஆக்சிலேட்டரைத் தட்டுவாரு. அதையா கேட்டுக்கிட்டு இருந்தீங்க?

— அது கேட்டாத்தான் எனக்கு மூச்சு வரும். மழை பெஞ்ச அன்னிக்கு ஒரு தடவை கேக்கவே இல்ல.

— சேத்துல போய்ச் சொருகினாரே, அன்னிக்கு. நான் கையில இருந்த ஸ்பானரோட ஓடினேன். அதை வெச்சு அங்க என்ன கிழிக்கப் போறேன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. மூஞ்சியெல்லாம் சேறு, பல்லு மட்டும் வெள்ளையா... ‘ஸ்பானர் வந்துட்டா, இனிமே கவலை இல்ல’ன்னு சிரிக்கறாரு. பேரும் அப்படியே ஒட்டிக்கிச்சு.

— நான் கண்ணைத் திறந்தப்போ நீங்க ரெண்டு பேரும் சேத்துல உக்காந்து சிரிச்சுக்கிட்டு இருக்கீங்க. ரெண்டு பேரையும் அறையலாம்னு வந்துச்சு.

— அறைஞ்சிருக்கலாம். சரி, சத்தம் எப்படி இருக்கு? உங்களுக்குத் தோணறதைச் சொல்லுங்க.

— ஆறு பேர் மாடிப்படி ஏறற மாதிரி இருக்கு. அதுல ஒருத்தர் மட்டும் படியைத் தவற விடறாரு. நடுநடுவுல மேல ‘பட்’டுனு துப்புது.

— ...இதை விடத் தெளிவா நானே சொல்லியிருக்க மாட்டேன் அண்ணி. ஒரு சிலிண்டர் வேலை செய்யல. எதுன்னு பிடிச்சுடலாம். கிண்ணத்துல தண்ணி எடுத்துக்கோங்க. இன்ஜினிலேர்ந்து புகை போற குழாய் ஆறு வரிசையா இருக்கும். ஒவ்வொண்ணு மேலயும் ஒரு சொட்டு விடுங்க. கை படக் கூடாது, பொத்துப் போயிடும்.

— முன்னாடியிலேர்ந்து வரேன். சுர்ருங்குது. இதுவும் சுர்ரு. இதுவும்தான். நாலாவதும் சரி. அஞ்சாவது... சும்மா வழியுது. ஆறாவது சுர்ரு.

— அஞ்சாவது தூங்குது. அது சூடே ஆகல. ஆஃப் பண்ணுங்க. பிளக் புதுசுன்னா, அடைப்பு பெட்ரோல் போற ஜெட்லதான் இருக்கும். மூணு கார்புரேட்டர்ல கடைசி, அதுல முன்பக்கத்து வாய். மேல சின்ன மூடி இருக்கும். அதைத் திறந்தா பித்தளைத் திருகாணி மாதிரி ஒண்ணு. அவசரப்படாதீங்க, கீழ விழுந்தா கண்டுபிடிக்கவே முடியாது.

— எடுத்துட்டேன். வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தா ஓட்டையே தெரியல.

— பெட்ரோல் காஞ்சு பிசினாயிருக்கும். ஊசி, கம்பி எதையும் விட்டுடாதீங்க, ஓட்டை பெருசாயிடும்.

— பெட்ரோல்ல ஊற வெச்சு, பல்லு தேய்க்கற பிரஷ்லேர்ந்து ஒரு இழை பிடுங்கி விட்டா போதும்தானே? உங்க அண்ணன் அப்படித்தான் பண்ணுவாரு.

— அதையெல்லாமா பக்கத்துல நின்னு பாத்தீங்க?

— கல்யாணம் ஆன நாள்லேர்ந்து என் பிரஷ்ல பாதி இழை இருக்காது. பாக்காம என்ன செய்வேன்?

— இந்த இடத்துக்கு வந்தா பாட்டு வேற ஆரம்பிச்சுடுவாரு.

— அது பாட்டா? பக்கத்து வீட்டுக் குழந்தை முழிச்சு அழும். அந்த அம்மா ஜன்னலைச் சாத்தற சத்தத்தைக் கைத்தட்டல்னு நினைச்சுக்குவாரு... ம். வந்துடுச்சு. ஊசி முனை அளவு வெளிச்சம் தெரியுது.

— கையாலயே திருகுங்க. கடைசியா மட்டும் ஸ்க்ரூ டிரைவர், லேசா. மாட்டிட்டீங்களா? இப்போ ஸ்டார்ட் பண்ணுங்க.

— கேளு.

— துப்புதா?

— இல்ல. ஆறு பேரும் சேந்து ஏறறாங்க.

— அங்க சுவத்துல ஆணியில ஒரு ரப்பர் டியூப் தொங்கும். ஒரு முனையைக் காதுல வெச்சுக்கிட்டு, இன்னொரு முனையை ஒவ்வொரு கார்புரேட்டர் வாயிலயும் காட்டுங்க. காத்து இழுக்கற சத்தம் எல்லாத்துலயும் ஒண்ணா இருக்கணும்.

— முதல் ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு. கடைசியில கொஞ்சம் மூச்சு கம்மி.

— பக்கத்துல இருக்கற ஸ்க்ரூவை முடி அளவு திருப்புங்க. கேட்டுக்கிட்டே திருப்புங்க.

— இன்னும் கொஞ்சம்... இன்னும்... இப்ப சரி. ஆஃப் பண்ணிடவா?

— வேணாம். அப்படியே ஓடட்டும். கொஞ்ச நேரம் கேட்டுக்கறேன்.

— கேளு. எனக்கும் அவசரம் இல்ல.

— ஞாயித்துக்கிழமை ஆனா போன் வரும் அண்ணி. ‘பேசாம கேளு’ன்னுட்டு, போனைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டு ஓட்டுவாரு. நான் துணி மடிக்கறதை அப்படியே போட்டுட்டு உக்காந்துடுவேன். மருமக சிரிப்பா, ‘அத்தைக்குக் கச்சேரி ஆரம்பிச்சாச்சு’ன்னு. இந்த ஊர்ல எனக்குன்னு இருந்தது அந்த ஒரு மணி நேரம்தான்.

— தெரியும்.

— உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கதான் அந்த வண்டியில ஏறவே மாட்டீங்களே. கடைசி ரெண்டு வருஷம் என்னமா ஓட்டினாரு தெரியுமா? இளவயசுல கியரை உதைப்பாரு. ‘அது என்ன மாடா, இப்படி முறுக்கறீங்க’ன்னு எத்தனை தடவை சண்டை போட்டிருக்கேன். கடைசியில பாத்தா கியர் மாறற இடமே தெரியல. மேட்டுல ஏறும்போதுகூட ஒரு குலுக்கல் இல்ல. இந்த வயசுல இப்படி ஒரு கைப் பக்குவம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேட்டேன்.

— என்ன சொன்னாரு?

— சிரிச்சாரு. ரொம்ப நேரம் சிரிச்சாரு.

— சிரிப்பாரு.

— ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் அண்ணி. விக்கறதை நான் தடுக்க முடியாது. ஆனா யாரு அதிகமா குடுக்கறாங்கன்னு பாக்காதீங்க. அந்த மாதிரி ஒரு கை கிடைச்சா மட்டும் குடுங்க.

— விக்கறேன்னு நான் எப்பச் சொன்னேன்?

— போன மாசம் பையன் வேலையா அந்தப் பக்கம் வந்தப்போ பாத்தானே. யாரோ ஒரு ஆள் வண்டியைச் சுத்திச் சுத்தி வந்து, குனிஞ்சு குனிஞ்சு அளந்துக்கிட்டு இருந்தானாம்.

— அது டயர்க் கடைக்காரர்டீ. நாலு டயரும் நின்ன இடத்துலயே வெடிப்பு விட்டுப் போச்சு. புதுசு போடச் சொல்லியிருந்தேன்.

— ஓட்டறதுக்கு ஆளில்லாத வண்டிக்கு எதுக்கு அண்ணி புது டயரு?

— ஸ்பானர், உனக்குச் சொல்லக் கூடாதுன்னு என் கையைப் பிடிச்சு சத்தியம் வாங்கினாரு. சர்க்கரையில உங்க அண்ணனுக்கு ரெண்டு கண்ணும் போயிடுச்சு. அந்த ரெண்டு வருஷமும் அவரு பக்கத்து சீட்லதான் இருந்தாரு, உனக்குக் கேக்கணும்னு போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு. ஓட்டினது நான்.