முதல் வேட்டு

அந்தப் பொன்னாடையைக் கொஞ்சம் ஓரமா வைங்க தம்பி. அதைப் போர்த்திக்கிட்டு உட்கார நான் வரலை. ஊர்ப் பட்டாளத்துக்காரங்களுக்கு நினைவுத்தூண் எழுப்பியிருக்கீங்க, சந்தோஷம். திறக்கறதுக்கு முன்னாடி ஒரு சின்னக் கதை இருக்கு, அதைக் கேட்டுட்டுத் திறங்க. கசக்கும். கசந்தாலும் கேளுங்க.

கல்லேரிப்பட்டுன்னு ஒரு ஊர். உங்க ஊர் மாதிரியேதான்... வீட்டுக்கு ஒருத்தர் பட்டாளம். அங்கே அம்மன் தேர் கிளம்பும்போது அதிர்வேட்டு போடுவாங்க. இரும்புக் குழாயில வெடிமருந்தைக் கெட்டிச்சு, மண்ணுல நட்டு, திரி கொளுத்துவாங்க. வெடிச்சா வீட்டு ஓடு நடுங்கும். முதல் வேட்டு யார் கையால? கடைசியா பட்டாளத்துலேர்ந்து திரும்பி வந்தவன் கையால. அது ஊர் அவனுக்குப் பண்ற மரியாதையாம். மரியாதை!

அந்த வருஷம் திரும்பி வந்தவன் தணிகாசலம். பனிமலையில காவல் காத்தவன். ஒரு நாள் குண்டு விழுந்துக்கிட்டு இருக்கறப்போ, பக்கத்துல படுத்திருந்த சிநேகிதன் தலையைத் தூக்கிப் பார்த்தான்... அவ்வளவுதான். தணிகாசலம் உடம்புல ஒரு கீறல் இல்லை. முழுசா வந்துட்டான்னு ஊரே சொல்லுச்சு. முழுசாவா வந்தான்?

கோயில் தலைவர் முனிரத்தினம், அவனுக்குப் பெரியப்பா முறை. வெத்தலைத் தட்டோட வீடு தேடி வந்தார்.

“தணிகா! முதல் வேட்டு உன்னுதுடா!”

“வேண்டாம் பெரியப்பா... இந்த வருஷம் வேற யாரையாவது...”

“என்னடா இது? பீரங்கியையே பார்த்தவன், திரி கொளுத்த மாட்டேங்கிற!”

உள்ளேயிருந்து அவன் சம்சாரம் செங்கமலம் வந்தா.

“மாமா, குக்கர் விசில் அடிச்சாலே இவரு சுவரோரம் போய்ப் படுத்துக்கிறாரு. நான் குக்கரைத் தூக்கிப் பரண்ல போட்டுட்டு, சட்டியிலதான் சோறு வடிக்கிறேன். டவுன்ல மனசு டாக்டர்கிட்ட காட்டணும்னு இருக்கோம். இந்த ஊர்லயே இருக்கலாம்னு இப்பத்தான் அவரு வாயிலேர்ந்து ஒரு பேச்சு வந்திருக்கு. அதைக் கெடுத்துடாதீங்க மாமா.”

கூட வந்தவங்க சிரிச்சாங்க. “ஏன்டா, அங்கே துப்பாக்கி பிடிச்சியா, கரண்டி பிடிச்சியா?” இது ஒருத்தன். “மனசு டாக்டராம்! பைத்தியம்னு நேரா சொல்லு தாயி!” இது இன்னொருத்தன்.

தணிகாசலம் எழுந்தான். “வரேன் பெரியப்பா.”

ஏன் வந்தான்? மரியாதைக்கு ஆசைப்பட்டா? இல்லைய்யா... பெண்டாட்டி முன்னாடி அவங்க சிரிக்கிறதை நிறுத்தணும், அதுக்காக வந்தான்.

தேர் கிளம்புச்சு. திரியைக் கொளுத்தினான். வேட்டு வெடிச்சுது. அடுத்த நொடி... பாய்ஞ்சான்! முனிரத்தினத்தைக் கீழே தள்ளி அவர் மேலேயே விழுந்தான்!

ஊர் என்ன நினைச்சுது? “ஐயோ, தலைவரை அடிக்கிறான்! போடுங்கடா அவனை!” தேருக்கு முட்டுக் கொடுக்கிற கட்டை... சாமி தேருக்கு முட்டுக் கொடுக்கிற கட்டை... அதை எடுத்து முதுகுல போட்டாங்க. அவன் கை ஓங்கினானா? எழுந்து ஓடினானா? ரெண்டு கையாலயும் அந்தக் கிழவர் தலையைப் பொத்திக்கிட்டுக் கிடந்தான். ஒரே வார்த்தைதான் சொன்னான். “தலையைத் தூக்காதீங்க பெரியப்பா... தலையைத் தூக்காதீங்க...”

மேளச் சத்தத்துல அது யாருக்கும் கேட்கலை. கீழே கிடந்தவருக்குக் கேட்டுது.

மறுநாள் ஊர்க்கூட்டம். தலைவர் மேல கை வெச்சவன் கோயில் பக்கமே வரக்கூடாதுன்னு பேச்சு. செங்கமலம் கூட்டத்துக்கு நடுவுல வந்து நின்னா.

“மாமா, நான் வேற எதுவும் கேட்கலை. விடிய விடிய அவரு அதையேதான் சொல்லிக்கிட்டு இருக்காரு. நேத்து உங்க காதுல என்ன சொன்னாரு? அதை மட்டும் ஊருக்குச் சொல்லுங்க.”

முனிரத்தினம் என்ன பண்ணார் தெரியுமா? வெத்தலையை மடிச்சு வாயில வெச்சுக்கிட்டார். வாய் நிறைய வெத்தலை! எப்படிப் பேச்சு வரும்?

அந்த வாரமே புருஷனும் பெண்டாட்டியும் வீட்டைப் பூட்டிட்டுப் போயிட்டாங்க. எங்கே போனாங்க? டாக்டரைப் பார்த்தாங்களா? அந்த ஊர்ல போய்க் கேட்டேன். ஒருத்தனுக்கும் தெரியலை. தெரிஞ்சுக்கணும்னு ஒருத்தனுக்கும் தோணலை!

கட்டையால அடிச்சவன் மேல எனக்குக் கோபம் இல்லை. அவன் முட்டாள், போகட்டும். அந்த வெத்தலை வாய் மேலதான் கோபம். விஷயம் தெரிஞ்சும் மென்னுக்கிட்டு இருந்த வாய்! இங்கே அந்த வாய் இல்லையா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க.

பெட்டியில வந்தா ஊரே தோள் கொடுக்குது. நடந்து வந்தவனுக்கு யார் தோள் கொடுத்தீங்க? கால் போனவனுக்கு ஊன்றுகோல் கொடுக்கிறீங்க, தூக்கம் போனவனுக்குப் பட்டப்பேர் வைக்கிறீங்க! அவனை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்கய்யா. பஸ்ல பக்கத்துல உட்காருங்க. எத்தனை பேரைச் சுட்டேன்னு டீக்கடையில வெச்சுக் கேட்காதீங்க. அவன் வேண்டாம்னு சொன்னா, வேண்டாம்னு விடுங்க. இதுக்குக் கூடவா தூண் வேணும்?

மேடைக்குப் பின்னாடி வேட்டுக் குழாய் நட்டு வெச்சிருக்கீங்க. வரும்போதே பார்த்தேன். கடைசி வரிசையில, பள்ளிக்கூடச் சுவர்ல முதுகைச் சாய்ச்சுக்கிட்டு, வெளியே போற வழியையே பார்த்துக்கிட்டு ஒருத்தர் உட்கார்ந்திருக்கார். அவரையும் பார்த்தேன்... திரும்பாதீங்க! யாரும் திரும்பாதீங்கன்னு சொல்றேன்! யாருன்னு உங்களுக்கே தெரியும்.

விழாத் தலைவரே, வேட்டுக்குன்னு கையில வெச்சிருக்கீங்களே, அந்தத் தீப்பெட்டியை இப்படிக் கொடுங்க. முறைக்காதீங்க. எனக்கு முட்டி வலி உண்டு, இருந்தாலும் நிப்பேன். அது என் கைக்கு வர்ற வரைக்கும் இந்த மைக்கை நான் விடறதா இல்லை.