கடைவாய்ப்பல் மங்கிய காரணம்: எங்கள் படப்பிரிவு அக்காவுக்கு

பல்லாயிரம் வாய்களைப் படம் பிடித்தும் எந்த வாயையும் பழித்துப் பேசாத பண்பாளரே! அலறி அழுகிற குழந்தையையும் அடுத்த நொடியில் "ஆ" காட்ட வைத்த அன்பின் அரசியே! எங்கள் பல் மருத்துவமனைப் படப்பிரிவின் அக்காவே! உடன் உழைத்த எங்கள் எல்லோருடைய வணக்கமும் உங்களுக்கு.

பணி ஓய்வு விழாவில் வாசிக்கும் மடல்கள் புகழில் தொடங்கும். இந்த மடல் ஒரு கேள்வியில் தொடங்குகிறது. அந்தக் கேள்வியைத்தான் இத்தனை ஆண்டுகளாக நீங்கள் மனதில் சுமந்துகொண்டு நடமாடினீர்கள். ஒரே நாற்காலி, ஒரே வாய், படம் எடுப்பதும் ஒரே ஆள். விலை மலிந்த சின்ன கேமராவில் எடுத்தால் முன்பல் முதல் கடைவாய்ப்பல் வரை பளிச்சென்று விழுகிறது. விலை உயர்ந்த பெரிய கேமராவில் எடுத்தாலோ, முன்பல் தெளிந்தால் கடைவாய்ப்பல் பஞ்சாக மங்குகிறது. கடைவாய்ப்பல்லைப் பிடித்தால் முன்பல் கரைந்து போகிறது. இது ஏன்?

இந்தக் கட்டடத்தில் அதற்கு ஒரே ஒரு பதில்தான் சொல்லப்பட்டது: எடுப்பவர் கை சரியில்லை. அந்தப் பதிலை நீங்களும் நம்பிவிட்டீர்கள். அதனால்தான் இந்த மடல் சற்றுக் கசக்கும். பொறுத்துக் கேளுங்கள்.

நீங்கள் இங்கே வந்தது படம் எடுப்பதற்கு அல்ல, சீட்டு எழுதும் மேசைக்கு. சிகிச்சைக்கு முன்னும் பின்னும் நோயாளியின் வாயைப் படம் எடுத்து வைக்க ஆள் வேண்டியிருந்தது. அப்போதிருந்த பெரிய டாக்டர் தம் இழுப்பறையைத் திறந்து, சோப்புக்கட்டி அளவில் இருந்த ஒரு கேமராவை உங்களிடம் நீட்டினார். அதில் திருப்புவதற்கு ஒன்றுமில்லை. அமுக்குவதற்கு ஒரு பொத்தான்தான் உண்டு.

"இதை அமுக்கினா போதுமா சார்?"

"போதும்மா. அமுக்குறப்ப மூச்சை மட்டும் அடக்கிக்கோ."

அன்று மாலைவரை நீங்கள் மூச்சே விடவில்லை என்று வரவேற்பு மேசைக்காரர் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்.

அந்தச் சின்னப் பெட்டியை நீங்கள் அனுபவித்தீர்கள் அக்கா. வேறு சொல் பொருந்தாது. பெரிய கேமராவை எடுக்க முதலில் எழுந்து போக வேண்டும், பூட்டைத் திறக்க வேண்டும், எடுக்கலாமா என்று யோசிக்க வேண்டும். சின்ன கேமராவுக்கு அந்தச் சடங்கெல்லாம் இல்லை; அது சட்டைப்பையிலேயே கிடக்கும், மனம் யோசிப்பதற்குள் கை எடுத்துவிடும். எதிரே இருப்பவருக்கும் விறைத்துக்கொள்ள நேரமிருக்காது. லிஃப்ட் அண்ணன் கொட்டாவி விட்டபோது நீங்கள் எடுத்த படத்தைப் பார்த்துத்தான் அவருக்கு இரண்டு சொத்தைப் பல் இருப்பது தெரிந்தது. "கேமரான்னு நெனைக்கலக்கா, தீப்பெட்டின்னு நெனைச்சேன். தெரிஞ்சிருந்தா வாயை மூடியிருப்பேன்" என்று அவர் சண்டைக்கு வந்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து இரண்டையும் அடைத்துக்கொண்டு போனார். பல் அச்சு வார்க்கும் மாவு மாமாவின் இமைகளில் வெள்ளைப் பொடி படிந்திருந்ததை ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்தீர்கள். அவர் மனைவி இந்தப் படம் ஒன்றைத்தான் வீட்டுச் சுவரில் மாட்ட அனுமதித்தார்.

பெரிய கேமராவைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அது நல்ல கருவிதான். அரையிருட்டிலும் அது பார்க்கும். கண்ணிமையின் மயிரை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டும். எங்கள் கசப்பு கருவியின்மேல் இல்லை.

புதிய துறைத் தலைவர் பொறுப்பேற்ற வேகத்தில் அந்தப் பெரிய கேமரா வந்தது. தலைவர் இதோ மேடையில்தான் இருக்கிறார். அவர் கேட்கவே இதைச் சொல்கிறோம். விற்க வந்தவர் கேமராவின் தலையிலிருந்த திருகைக் காட்டி, "இதை இந்தப் பச்சைக் கட்டத்துல வச்சிட்டீங்கன்னா போதும் சார். மத்ததெல்லாம் கேமராவே பாத்துக்கும்" என்றார். தலைவர் உடனே ஒரு சிஸ்டரை அழைத்தார்.

"யாரும் எதையும் திருப்பிக் கெடுத்துடக் கூடாது. வெலை என்னன்னு தெரியுமா? அந்தத் திருகு மேல ஒரு பிளாஸ்திரி ஒட்டிடுங்க."

காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியை இரண்டு சுற்றுச் சுற்றினார்கள். சின்ன கேமராவைப் பணி நேரத்தில் வெளியே எடுக்கக் கூடாது என்று வாய்மொழியாகவே ஒரு உத்தரவும் வந்தது. அதோடு பெட்டியில் வந்த வட்ட ஃப்ளாஷை, ஒளியே தேவைப்படாத கேமரா என்று சொல்லி அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள்.

அதன் பிறகு நீங்கள் பட்ட பாட்டை நாங்கள் அறிவோம். மூச்சை அடக்கிப் பார்த்தீர்கள். நாற்காலிக் கைப்பிடியில் முழங்கையை ஊன்றிப் பார்த்தீர்கள். லென்ஸைத் துடைத்தீர்கள். கண் மருத்துவரிடம் போய் உங்கள் கண்ணாடியையே மாற்றினீர்கள். கடைவாய்ப்பல் மங்கியபடியே இருந்தது. மாதக் கூட்டத்தில் தலைவர் அந்தப் படத்தைச் சுவர் முழுக்கப் பெரிதாக்கிக் காட்டினார்.

"ஏம்மா, இது பல்லா, மேகமா?"

சிலர் சிரித்தார்கள்.

"சின்ன கேமராவுல ஒழுங்கா வந்துச்சு சார்" என்றீர்கள், மெல்ல.

"கேமரா தப்பு பண்ணாதும்மா. ஆள்தான் பண்ணும். பொம்மையில வெளையாடிப் பழகின கை. அதான்."

அடுத்த வாரமே உங்களைக் கீழ்த்தளத்துக் கோப்பறைக்கு மாற்றினார்கள். ஜன்னல் இல்லாத அறை அது. உங்கள் இடத்துக்கு வந்தவர் எடுத்த படங்களிலும் கடைவாய்ப்பல் மங்கியது. அவருக்கும் பின்னால் வந்தவருக்கும் அதே கதைதான். அதற்காக யாரும் கூட்டம் போடவில்லை, சுவரில் யார் படத்தையும் பெரிதாக்கவில்லை. கடைவாய்ப்பல்லைப் படம் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். அத்தோடு பிரச்சினை தீர்ந்ததாக அறிவித்தார்கள். ஆனால் கோப்பறையிலிருந்து உங்களை மேலே அழைக்க யாருக்கும் தோன்றவில்லை.

அறையை இழந்ததைக்கூட நீங்கள் பொறுத்துக்கொண்டீர்கள் அக்கா. எங்களை உலுக்கியது வேறு ஒன்று. உங்கள் மகள் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு உங்களைப் பார்க்க வந்த அந்த மதியவேளை. நாங்கள் எல்லோரும் சாப்பாட்டு அறையில் கூடி நின்று குழந்தையைக் கொஞ்சிக்கொண்டிருந்தோம். ஈறைக் கிழித்துக்கொண்டு வெள்ளையாக ஒரு முனை எட்டிப் பார்த்தது.

"அம்மா, மொதப் பல்லு. ஒரு படம் எடேன்" என்றாள் மகள்.

"வேணாம்டி. நான் எடுத்தா மசமசன்னுதான் வரும். எக்ஸ்ரே தம்பி, நீ எடுப்பா."

எக்ஸ்ரே அறைத் தம்பி திகைத்தார். "என்னக்கா நீங்க? கேமரா உங்க பையிலதான இருக்கு?"

"கேமரா இருக்குப்பா. கைதான் போச்சு."

சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். வாழ்நாளெல்லாம் பல்லைப் படம் எடுத்தவர், தம் பேரப்பிள்ளையின் முதல் பல்லை இன்னொருவர் எடுக்கும்படி கேமராவை நீட்டினார். படப்பிரிவைப் பறித்ததைவிடப் பெரிய திருட்டு அது. உங்கள் கையையே உங்களிடமிருந்து பறித்துவிட்டார்கள். இந்த மேடையின் பின்னால் தொங்கும் பேனரில் உங்கள் கையில் வரைந்திருப்பதோ அந்தப் பெரிய கேமரா! "படக்கலையின் மணிமகுடம்" என்று அதன்கீழே எழுதியும் இருக்கிறது!

சென்ற மாதம் அந்தக் கேமராவை எக்ஸ்ரே தம்பி ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார். நாள்பட்ட பிளாஸ்திரி பசை விட்டுக் கழன்று வந்தது. ஒட்டியதை மறுபடி ஒட்டுவதற்கு முன், அடியில் என்னதான் இருக்கிறது என்று பார்த்தார். பச்சைக் கட்டத்துக்குப் பக்கத்தில் வேறு பல நிலைகள் இருந்தன. அவற்றில் ஒன்று, ஒளி புகும் துளையை நாமே பெரிதாக்கவும் சுருக்கவும் விடுகிற நிலை. மாவு மாமாவிடம் ஓடினார். மாமா ஒரு பல் அச்சைத் தூக்கி மேசைமேல் வைத்தார்.

"இதுல பாருடா. நல்ல பேஷன்ட். வாய் வலிக்குதுன்னு சொல்ல மாட்டார், எச்சிலும் வராது."

மதிய இடைவேளைகளில் இருவரும் உட்கார்ந்து துளையை ஒவ்வொரு படியாகச் சுருக்கி எடுத்தார்கள். சுருங்கச் சுருங்கத் தெளிவு முன்பல்லிலிருந்து ஊர்ந்து ஊர்ந்து உள்ளே போனது; கூடவே படமும் இருண்டது. ஒளிக்காக அலமாரியைத் திறந்து வட்ட ஃப்ளாஷை மாட்டினார்கள். இரண்டு கடைவாய்ப்பற்களின் குழிகள்கூடத் தெரிந்தன. மாமா குழிகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். பிறகு, "டேய், அந்தப் பொண்ணு கை நல்லாத்தான்டா இருந்திருக்கு" என்றார்.

இதற்குக் காரணம் சொல்கிறோம், பொறுமையாகக் கேளுங்கள். இது உங்களுக்குச் சேர வேண்டியது. கேமராவுக்குள் பிம்பம் விழுகிற சில்லு ஒன்று உண்டு. உங்கள் சின்ன கேமராவில் அது சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. பெரியதில் அது ஒரு தபால்தலை அளவு. சில்லு பெரிதாக இருந்தால், அதே படத்தை நிரப்ப லென்ஸ் நீள வேண்டும், ஒளி புகும் துளையும் அகன்றுவிடுகிறது. சின்னதின் துளை தீக்குச்சித் தலை அளவுதான். பெரியதோ பச்சைக் கட்டத்தில், அறையில் வெளிச்சம் போதாது என்று தானே முடிவு செய்து, ஒரு நாணயம் நுழையும் அளவுக்குத் துளையை விரித்துக்கொள்கிறது.

தூரத்தில் வருகிற பேருந்தின் பலகை தெரியாவிட்டால் என்ன செய்கிறோம்? கண்ணை இடுக்குகிறோம். உடனே எழுத்து கொஞ்சம் தெளிகிறது. அதே கணக்குதான் இங்கேயும். வாசல் குறுகினால் ஒளி பரவாமல் விழும். அருகில் இருப்பதும் தள்ளி இருப்பதும் ஒன்றாகத் தெளியும். வாசல் அகன்றால் ஏதோ ஒரு தூரம் மட்டுமே தெளியும், அதற்கு முன்னும் பின்னும் எல்லாம் மங்கும். அகன்ற துளையில் தெளிவின் தடிமன் ஓர் அரிசிமணி அளவுதான். முன்பல்லிலிருந்து கடைவாய்ப்பல் எவ்வளவோ அரிசிமணிகளுக்கு அப்பால் இருக்கிறது. உங்கள் சின்ன கேமரா பிறக்கும்போதே கண்ணை இடுக்கிக்கொண்டு பிறந்தது. அதனால் ஒன்றையும் திருப்பாமலே உங்களுக்கு எல்லாப் பல்லையும் காட்டியது. பெரிய கேமராவின் கண்ணை அகல விரித்து, அது இடுக்கிவிடாதபடி பிளாஸ்திரியும் ஒட்டிவைத்துவிட்டு, உங்கள் கையைக் குற்றம் சொன்னார்கள்.

படங்களை எடுத்துக்கொண்டு தலைவரிடம் போனோம். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"பரவாயில்லையே. இனிமே இப்படியே எடுங்க."

"அக்காகிட்ட சொல்லணும் சார். நீங்க உங்க வாயால சொன்னா நல்லாருக்கும்" என்றார் எக்ஸ்ரே தம்பி.

"ரிட்டயர் ஆகிப் போறவங்களுக்கு இப்ப இது எதுக்கு? பழசைக் கிளறாதீங்கப்பா. மடல்ல நல்லதா நாலு வார்த்தை எழுதிக் குடுங்க, போதும்."

ஐயா, எழுதிவிட்டோம். இதைவிட நல்ல வார்த்தை எங்களிடம் இல்லை.

அக்கா! கோப்பறையில் கழிந்த ஆண்டுகளை எங்களால் திருப்பித் தர முடியாது. அந்த முதல் பல்லை மறுபடி முளைக்க வைக்கவும் முடியாது. அது இப்போது வரிசையில் ஒன்றாகிவிட்டது, பக்கத்திலும் பல் வந்துவிட்டது. பிந்தி வந்த உண்மை எதையும் முழுதாகச் சரிசெய்வதில்லை என்பது எங்களுக்கும் தெரியும். ஆனாலும் இந்த அரங்கில், தலைவர் முன்னிலையில், உங்கள் மகளும் கேட்கும்படி இது ஒருமுறை உரக்கச் சொல்லப்பட வேண்டும். சட்டம் போட்டு உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும்போதும் இந்த வரிகள் இப்படியே இருக்க வேண்டும்.

பல் உதிராமல், பார்வை மங்காமல், படியேறும்போது முழங்கால் முனகாமல், நெடுங்காலம் நலமாக வாழ்க! கையில் எது அகப்படுகிறதோ அதில், மலிவோ விலையோ பாராமல், மனம் குளிரப் படம் எடுத்துக்கொண்டே வாழ்க!

இனி, கேள்விக்கு விடை. பிளாஸ்திரியைப் பிரித்துத் திருகைத் துளைநிலைக்குத் திருப்ப வேண்டும். எண் கூடக் கூடத் துளை சுருங்கும்; துளை எண்ணை இருபத்திரண்டில் வைத்தால் அது மிளகளவு ஆகிவிடும். வட்ட ஃப்ளாஷை மாட்டி, வழக்கத்தைவிட ஓரடி பின்னால் நின்று, முன்பல்லில் அல்லாமல் கோரைப்பல்லில் தெளிவைக் குவித்து அமுக்க வேண்டும். முன்பல் முதல் கடைவாய்ப்பல் வரை எல்லாம் தெளிவாக விழும். எந்தக் கை அமுக்கினாலும் விழும்.

இப்படிக்கு,
எக்ஸ்ரே அறை, அச்சு வார்க்கும் அறை, வரவேற்பு மேசை, செவிலியர் அறை, லிஃப்ட் ஆகியவற்றின் பணியாளர்கள்