என் பெயரில் ஒரு முகவரி

இந்த உலகத்தில் என் பெயரில் பதிவாகியிருக்கும் ஒரே சொத்து, நீங்கள் விசாரிக்க வந்திருக்கும் இந்த இணையதள முகவரிதான், மேடம். ராயபுரத்தில் நான் குடியிருக்கும் வீடு மனைவி சில்வியாவின் பெயரில் இருக்கிறது. ஸ்கூட்டர் மச்சான் பெயரில். கேஸ் இணைப்பு இன்னும் செத்துப்போன மாமனார் பெயரில் ஓடுகிறது.

என் பெயர் ஸ்டானிஸ்லாஸ். மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய ஒரு சின்ன அரசு அலுவலகத்தில் உதவியாளர். படகுக்காரர்களுக்குக் கடல் நிலவரம் சொல்ல ஓர் இணையதளம் வேண்டும் என்று பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் மேலிடம் கேட்டது. முறைப்படி முகவரி வாங்க ஒரு கடிதமும் மூன்று கையெழுத்தும் தேவைப்பட்டன. கையெழுத்துப் போட வேண்டியவர்களில் ஒருவர் லீவு, ஒருவர் மாற்றல், மூன்றாமவர் இணையதளம் என்றாலே எரிந்து விழுவார். நான் என் சொந்த மெயிலில், என் சொந்தப் பெயரில், ஐந்து நிமிடத்தில் பதிந்துவிட்டேன். அன்று எல்லோரும் கை தட்டினார்கள். என் வேலைக்காலத்தில் எனக்குக் கிடைத்த ஒரே கைதட்டல் அது.

பக்கம் ரொம்ப எளிமையானது. நடுவில் ஒரு வட்டம். பச்சை என்றால் கடலுக்குப் போகலாம், சிவப்பு என்றால் போகக் கூடாது. மேலே தேதி. அதைத் தினமும் கையால் மாற்றிக்கொண்டிருந்தேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மறந்து திட்டு வாங்கினேன். அதிலிருந்து தேதி தானே மாறிக்கொள்ளும்படி செய்துவிட்டேன். வட்டத்தை மட்டும் நான் மாற்றுவேன். அடியில், இதுவரை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று ஓர் எண் ஓடும். காலையில் அலுவலகம் வந்ததும் நான் முதலில் பார்ப்பது வானிலை அறிக்கையை அல்ல, அந்த எண்ணைத்தான்.

காசிமேட்டில் படகுக்காரர்கள் அந்த முகவரியைப் படகிலேயே பெயின்டால் எழுதிவைத்தார்கள். டிரைவர் நிற்கும் அறையில், மீனவர்களின் புனிதர் ராயப்பர் படத்துக்கோ கன்னியம்மன் படத்துக்கோ கீழே. ராயப்பருக்கு அடுத்த இடம் எனக்கு என்று சில்வியாவிடம் சொல்வேன். "தலைக்கனத்துக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல" என்பாள். குறைச்சல் இல்லைதான்.

போன ஆகஸ்டில் ஒரு சுற்றறிக்கை வந்தது. எல்லா அலுவலக இணையதளங்களும் அரசுக்கென்று ஒதுக்கிய முகவரிக்கு மாற வேண்டும். தனியார் பெயரில் இருப்பவற்றைத் துறையிடம் ஒப்படைக்க வேண்டும். பழையதைத் தட்டுகிறவர்கள் தானாகவே புதியதற்குப் போய்ச் சேரும்படி திருப்பிவிட வேண்டும். இல்லையென்றால் பழைய முகவரியை விஷமிகள் கைப்பற்றி மக்களை ஏமாற்றக்கூடும். அந்த ஆங்கிலச் சுற்றறிக்கையைத் தமிழாக்கியவன் நான். 'விஷமிகள்' என்பது என் சொல். நல்ல சொல் என்று அதிகாரி ரகுபதி பாராட்டினார்.

புதிய தளத்துக்கு வினிதா என்று ஒரு பெண் வந்தாள். என் வட்டத்தை அப்படியே எடுத்துக்கொண்டாள். பார்வையாளர் எண்ணை மட்டும் வேண்டாம் என்று எடுத்துவிட்டாள். அது பழைய பாணியாம். எனக்கு அது சுருக்கென்று தைத்தது. இவ்வளவு பெரிய காரியத்துக்கு இவ்வளவு சின்னக் காரணமா என்று நீங்கள் கேட்கலாம். இதைவிடப் பெரிய காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

திருப்பிவிட்டால் என் எண் நின்றுவிடும். அதனால் ரகுபதி சார் சோதித்துப் பார்த்த அன்று மட்டும் திருப்பிவிட்டேன். அவர் கையெழுத்துப் போட்டதும் பழையபடி ஆக்கிவிட்டேன். ஒப்படைப்புப் படிவத்தை மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினேன். பழைய பக்கம் கடைசியாக நான் விட்ட நிலையில் நின்றது. பச்சை.

படகுகளுக்குப் பெயின்ட் அடிப்பது மீன்பிடித் தடைக்காலத்தில்தான், ஏப்ரல் பாதியில் தொடங்கி இரண்டு மாதம். அதுவரை எல்லாப் படகிலும் என் முகவரிதான் இருக்கும். அது இந்த அலுவலகத்தில் எனக்கு மட்டும் தெரிந்த விஷயம். வினிதா அம்பத்தூர்ப் பெண், அவளுக்கு எப்படித் தெரியும். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவள் கேட்கவில்லை.

நவம்பர் இருபத்தாறு, காலை பதினொன்றரை மணிக்கு பிராங்கிளின் போன் செய்தான். எங்கள் மாதா கோவில் பங்கைச் சேர்ந்தவன், விசைப்படகு டிரைவர். நாலு பேரோடு எண்ணூருக்கு நேரே கடலில் நின்றிருந்தான். கரை தெரியும் தூரம், அதனால் சிக்னல் இருந்தது.

"அண்ணே, வாட்ஸ்அப்ல புயலு வர்துன்னு போட்டுகினு கீறானுங்கோ. மெய்யாலுமா?"

"வாட்ஸ்அப்பையெல்லாம் நம்பாத. நம்ம சைட்டப் பாத்தியா?"

"பாத்துட்டுதான் பேசறேன். பச்சையா கீது. இன்னிக்கி தேதிதான் போட்டுகீது."

"அப்புறம் இன்னா?"

"இல்லண்ணே, வானம் ஒரு மாரியா கீது. சரி, நீ சொன்னா சரிதான். உள்ள போறோம்."

அடுத்த மேஜையில் வினிதாவின் திரையில் வட்டம் சிவப்பாக இருந்தது. என் நாற்காலியிலிருந்து நன்றாகத் தெரியும். கண்ணாடி கூடத் தேவையில்லை. அவள் தலையைத் திருப்பி, "படகுக்காரங்களா சார்? சிவப்பு போட்டிருக்கேன், சொல்லிடுங்க" என்றாள்.

"சொல்லிட்டேம்மா" என்றேன்.

புதியதைப் பார் என்று பிராங்கிளினிடம் சொல்ல ஒரு நொடி போதும். சொன்னால் பழையது தப்பு என்று ஆகிவிடும். அவன் மற்ற படகுக்காரர்களிடம் சொல்லுவான். தடைக்காலம் வரை காத்திருக்காமல் ஒரு டப்பா பெயின்டை எடுத்து அழித்துவிடுவார்கள். நான் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் லைன் கட்டாகிவிட்டது. திரும்பக் கூப்பிட்டேனா என்று கேட்கிறீர்கள். இல்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன். அன்று சுறாப்புட்டு.

இரண்டு பேர் டீசல் கேனைப் பிடித்துக்கொண்டு பிழைத்தார்கள். மூன்று பேர் வரவில்லை. பிராங்கிளின் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. கோவிலில் அவனுக்கான பூசை முடிந்து அவன் மனைவி ஜானட் என்னிடம் வந்தாள். "கடசியா உங்ககிட்டதான் பேசிகீறாரு. இன்னாண்ணே சொன்னாரு?" என்று கேட்டாள். தைரியமாக இருந்தான் என்று சொன்னேன். அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், மேடம். அது நடிப்பில்லை. வீட்டுக்கு வந்து எண்ணைப் பார்த்தேன். ஏறியிருந்தது.

நீங்கள் கேட்டபடி ஒப்படைப்புப் படிவத்தை இப்போது நிரப்பிவிட்டேன். கடவுச்சொல்லும் எழுதியிருக்கிறேன். ஒன்பதாவது கேள்வி மட்டும் கொஞ்சம் யோசிக்க வைத்தது. நானே தமிழாக்கிய கேள்விதான்: 'இம்முகவரி எப்போதேனும் விஷமிகள் வசம் இருந்ததா?'

யோசித்துப் பார்த்துத்தான் எழுதினேன். இல்லை.