கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன்

அந்த வண்டியை நான் அலுவலகத்துக்கு எடுத்துப்போவதில்லை. எங்கள் அலுவலகத்தின் அடித்தளத்தில் தூண்கள் நெருக்கம். கதவைத் திறக்கிறேன் பேர்வழி என்று பக்கத்து வண்டிக்காரன் ஒரு கீறல் போட்டுவிட்டுப் போனால் யாரைப் போய்க் கேட்பது? அதனால் வேலை நாட்களில் நான் ரயிலில் போவேன், வண்டி வீட்டில் நிற்கும். கேட்டுக்கு உள்ளே, சார்ஜ் ஏற்றும் இடத்தில். அதற்குப் பின்னால் தம்பியின் சின்ன கார். என் வண்டி நகர்ந்தால்தான் அது வெளியே வர முடியும். நான் வேண்டுமென்றே அப்படி நிறுத்தியதாக அவன் உங்களிடம் சொல்லியிருப்பான். இடம் அப்படி, அவ்வளவுதான்.

வண்டியைப் பற்றிக் கேட்டீர்கள். நல்ல வண்டி. சாவியே கிடையாது. கதவோரத்தில் ஒரு கேமரா இருக்கிறது, முகத்தைப் பார்த்துத் திறக்கும். உட்கார்ந்ததும் சீட் நம் உடம்புக்குத் தகுந்தபடி நகர்ந்துகொள்ளும். வண்டி எங்கே போகிறது, உள்ளே யார் இருக்கிறார்கள், எல்லாம் என் போனில் தெரியும். உள்ளே இருப்பவர்களோடு பேசலாம். திருடு போனால் இருந்த இடத்திலிருந்தே நிறுத்தலாம். அப்படி நிறுத்தினால் கதவுகள் உள்பக்கமிருந்தும் திறக்காது. திருடன் இறங்கி ஓடக்கூடாதில்லையா.

வாங்கி வந்த அன்று என் முகத்துக்கு அடுத்து நான் பதிவு செய்தது அப்பாவின் முகத்தைத்தான். சொந்தபந்தம் எல்லாம் சுற்றி நின்றது. அப்பா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"எதுக்குடா இவ்ளோ பெருசு? ஏற ஏணி வேணும் போலிருக்கே. சின்னவன் வண்டின்னா நம்ம ரூமுக்குள்ள நுழையற மாதிரி இருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் பற்றிக்கொண்டு எரிந்தது.

அதற்குப் பிறகு அவர் அதில் ஏறவே இல்லை. கண் டாக்டரிடம் போவதானாலும் கல்யாண வீட்டுக்குப் போவதானாலும் சின்னவனின் ஓட்டை வண்டிதான். ஏசி வேலை செய்யாது, கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு போவார்கள். தண்ணீர் மோட்டார் ரிப்பேர் செய்கிறவன், கையெல்லாம் கிரீஸ், அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு இறங்குவார். வீட்டுச் செலவு முழுக்க என் தலையில். தலையில் தூக்கிவைத்து ஆடுவது அவனை. நான் பெரிதாக ஒன்றும் எதிர்பார்க்கவில்லை. ஒரே ஒரு தடவை என்னிடம் வாய்விட்டுக் கேட்டிருக்கலாம்.

அன்றைக்கு மீட்டிங்கில் இருந்தேன். தம்பி போன் செய்தான். துண்டித்தேன். மறுபடியும் செய்தான். வண்டியை நகர்த்து என்று எப்போதும் பாடுகிற பாட்டுத்தானே என்று போனைக் கவிழ்த்து வைத்தேன். கொஞ்ச நேரத்தில் அது வேறு மாதிரி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தால், 'அப்பா வண்டியைத் திறந்தார்' என்று இருந்தது.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்பாவே மனம் மாறி ஏறியிருக்கிறார் என்று நினைத்தேன். வராந்தாவுக்கு வந்து, வண்டிக்குள் இருக்கும் கேமராவின் படத்தைப் போனில் திறந்தேன். ஸ்டியரிங் முன்னால் சின்னவன். அப்பா பின்சீட்டில் சாய்ந்து கிடந்தார். புரிந்துவிட்டது. அவரைத் தாங்கிப் பிடித்து, அவர் முகத்தைக் கேமராவுக்குக் காட்டி என் வண்டியைத் திறந்திருக்கிறான்.

நிறுத்தினேன். வண்டி ஒழுங்காக இண்டிகேட்டர் போட்டு ஓரமாக ஒதுங்கி நின்றது.

"அண்ணா, அப்பாவுக்கு மூச்சு முட்டுது. ஆஸ்பத்திரிக்குப் போறோம். வண்டிய விடு."

"என்னைக் கேட்டியா?"

"நீதான் போன எடுக்கலையே. உன் கால்ல வேணாலும் விழறேன், விடுண்ணா."

"நீ கேட்டு என்ன ஆகப்போகுது? அப்பா கேக்கட்டும். 'பெரியவனே, வண்டியக் கொடுடா'ன்னு ஒரு வார்த்தை. உடனே விட்டுடறேன்."

நியாயமான பேச்சுத்தான் அது. ஆனால் அவன் கத்த ஆரம்பித்தான். வாயில் வரக்கூடாத வார்த்தை எல்லாம் வந்தது. கதவை உதைத்தான், என் கதவை. வராந்தாவில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு மானம் போனது. சத்தத்தை நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படம் அத்தனை தெளிவு. அப்பாவின் சட்டைப் பொத்தான்கள் திறந்து கிடந்தன. உதடு நிறம் மாறுவது தெரிந்தது. வாய் திறந்து திறந்து மூடியது, மூச்சுக்குத் தவிக்கிறார் என்று நினைத்தேன். தம்பி பின்சீட்டுக்குத் தாவிப் போய் ஜன்னல் கண்ணாடியைக் குத்தினான். அப்பாவும் ஒரு கையை அதில் ஊன்றிக்கொண்டார். வெளியே நாலு பேர் கூடி அவர்களும் கல்லால் அடித்தார்கள். உடைகிற கண்ணாடி இல்லை அது. அடுத்த திருப்பத்திலேயே ஆஸ்பத்திரி என்று வரைபடம் காட்டியது. 'திற' என்ற பட்டன் என் கட்டைவிரலுக்குக் கீழேயே இருந்தது.

தெரியாமல் செய்தேன் என்று சொல்லமாட்டேன். அழுத்தினால் பிழைப்பார் என்று தெரியும். அழுத்தவில்லை. அவர் கேட்கட்டும் என்று காத்திருந்தேன். அவர் கை கண்ணாடியிலிருந்து நழுவி விழுந்த பிறகும் கொஞ்சம் காத்திருந்தேன். நான்தான் செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

நேற்று நீங்கள் அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினீர்கள். என் போனில் நான் நிறுத்தினாலும் வண்டி தன்பாட்டுக்குச் சத்தத்தைப் பதிவு செய்துகொண்டுதான் இருந்திருக்கிறது. தம்பியின் கூச்சலுக்கு அடியில் அப்பாவின் குரல் கேட்டது. "பெரியவனே... கொடுடா." கொஞ்சம் விட்டு மறுபடியும் அதையே சொன்னார்.

ஆக, அவர் கேட்டுவிட்டார். என் காதில் விழாமல் போனதற்கு யார் காரணம் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். சின்னவன் அப்படித் தொண்டை கிழியக் கத்தாமல் இருந்திருந்தால் நான் சத்தத்தை நிறுத்தியே இருக்கமாட்டேன். அவன்மேல் இன்னும் ஏன் வழக்குப் போடாமல் இருக்கிறீர்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.