மேலுதட்டு மச்சத்தை அகற்றியது தொடர்பாக

எனது பெயர் அழகன் ஜெயந்தினி. வயது 27. வட்டகொடை, தேயிலைத் தோட்ட மேற்பிரிவு லயத்து வீட்டில் பெற்றோருடன் வசிக்கிறேன். நூலக உதவியாளர். ஆள்மாறாட்டம் செய்து பெண் கொடுக்க முயன்றதாக என் தகப்பனார் மீது செய்யப்பட்ட முறைப்பாடு தொடர்பாக இதைக் கூறுகிறேன்.

கடந்த தை மாதம் உடப்புசல்லாவையிலிருந்து நிரஞ்சன் என்பவரும் அவரது தாயார் வேலாயியும் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். தாயார் என் மேலுதட்டின் மேலிருந்த மச்சத்தைப் பார்த்து, "இது மகாலெச்சுமிங்க, வேற பொண்ணு பாக்க வேணாம்" என்றார். அதன் பின்னர் நிரஞ்சனும் நானும் மாலைகளில் தொலைபேசியில் பேசி வந்தோம்.

அதன் பின்னர் சித்திரையில் கண்டியில் ஒரு தனியார் சிகிச்சை நிலையத்துக்குச் சென்றேன். வைத்தியர் மச்சத்தைக் கருவி வைத்துப் பார்த்து, நோய்க்குறி எதுவுமில்லை என்று உறுதி செய்த பின்னர், மரத்துப்போக ஊசி போட்டு லேசரால் அகற்றினார். முடி பொசுங்கும் வாடை வந்தது. வலிக்கவில்லை. தழும்பு மிகச் சிறியதாக இருக்கும், கிட்ட வந்து பார்ப்பவருக்குத்தான் தெரியும் என்றார். பொருக்கு உதிரும் வரை குடை பிடித்தே வேலைக்குப் போனேன்.

ஏன் அகற்றினீர் என்று கேட்கப்பட்டது. சிறு வயது முதல் என்னிடம் பேசியவர்கள் மச்சத்தைப் பார்த்தே பேசினார்கள். அது இல்லாத என் முகத்தைப் பார்க்க விரும்பினேன். வேறு காரணம் இல்லை. முன்கூட்டியே நிரஞ்சனிடம் சொன்னேன். "உங்க மொகம், உங்க இஷ்டம். அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றார்.

அதன் பின்னர் பரிசம் போட வந்த அன்று நிரஞ்சனின் தாயார் என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, "மூத்தவளக் காட்டிட்டு இளையவள எங்க தலையில கட்டப் பாக்குறீங்களா?" என்றார். கொழும்பில் வேலை செய்யும் என் தங்கை கிருஷாந்தி என் சாயல், மச்சம் இல்லாதவள். தகப்பனார், "எம்புள்ளைய எனக்குத் தெரியாதாங்க?" என்றார். நான் அடையாள அட்டையைக் கொடுத்தேன். அதிலுள்ள படத்தில் மச்சம் இருந்ததால் அதையும் எங்களுக்கு எதிராகவே காட்டினார்கள். நிரஞ்சன் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பின்னர் அவரது தாயார் இம்முறைப்பாட்டைச் செய்தார்.

இன்று இப்பொலிஸ் நிலையத்தில் பெண் பொலிஸ் உத்தியோகத்தர் என்னை ஜன்னலோரம் நிறுத்தி, கிட்ட வந்து பார்த்து, தழும்பு இருப்பதாகச் சொன்னார். அதன் பின்னர் பொறுப்பதிகாரி நிரஞ்சனையும் வந்து பார்த்து, அன்று கண்ட பெண் இவர்தானா என்று சொல்லும்படி கேட்டார். அவர் நாற்காலியை விட்டு எழவில்லை. "அம்மா சொன்னா சரியாத்தான் சார் இருக்கும்" என்றார்.

தழும்பைப் பற்றி அறிந்த பின்னர் வேலாயி அம்மா, "மச்சம் போனாப் போகுது, கல்யாணத் தேதிய மாத்தாம வச்சுக்குவோம்" என்கிறார். எனக்குச் சம்மதமில்லை. என் தகப்பனார் யாரையும் ஏமாற்றவில்லை. இரண்டு நாளும் அவர்கள் பார்த்தது என்னைத்தான்.

இவ்வளவும் நான் அறிந்த உண்மை. தமிழில் வாசித்துக் காட்டப்பட்டபோது, "மாப்பிள்ளை" என்று எழுதப்பட்டிருந்த இடத்தை "நிரஞ்சன் என்பவர்" என்று திருத்தும்படி கேட்டேன். திருத்தப்பட்டது. வேறு மாற்றம் இல்லை என ஏற்று ஒப்பமிடுகிறேன்.

அ. ஜெயந்தினி