பேச்சு டீச்சரின் மணி

"ஹலோ... ஹலோ, டெய்லர் அண்ணனா? மெஷினைக் கொஞ்சம் நிறுத்துங்கண்ணே, ஒண்ணுமே காதுல விழல... ஆங், இப்ப கேக்குது. பயிற்சி மையத்துலேர்ந்து பேச்சு டீச்சர்... ஆமா, ஆமா, உங்க பொண்ணோட டீச்சர்தான்... ஐயோ, வச்சிடாதீங்கண்ணே!"

யோசித்துப் பேசவும், காது கொடுத்துக் கேட்கவும் ஊரார் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் புண்ணியவதி அவள். காலி வகுப்பறையில் உட்கார்ந்து மேசை மணியை உருட்டிக்கொண்டிருந்தாள். பதில் சொல்ல யாராவது இழுத்தால் 'டிங்' என்று அடித்து உட்காரவைக்கும் மணி.

"ஆளையே காணோமே, உடம்பு கிடம்பு சரியில்லையோன்னு... என்னது, நிறுத்திட்டீங்களா? கடையில பட்டன் தைக்க உக்கார வச்சிட்டீங்களா? அண்ணே, நான் சொல்றதை முதல்ல... இல்ல, இல்ல, நீங்க சொல்லுங்க... ம்... அவளே வேண்டாம்னுட்டாளா... ம்... சரியா சாப்பிடறதுகூட இல்லையா?"

மணியை உருட்டிய விரல் நின்றது.

"அண்ணே, தப்பு என்மேலதான். பூசி மெழுகி என்ன ஆகப்போகுது? வகுப்புல அவளை எழுப்பி, எதிர்ல இருக்கிறவர் தப்பு பண்ணினா நீ எப்படி எடுத்துச் சொல்லுவேன்னு கேட்டேன். பேசாம நின்னா. வாயில பூட்டா போட்டிருக்குன்னு சொல்லி மணியை அடிச்சிட்டேன். வகுப்பே சிரிச்சுது... ஆமா, நானும்தான் சிரிச்சேன்... யோசிச்சிட்டிருந்தாளா?... யாரு சொன்னா, வாய்க்கு வந்ததைக் கொட்டாதே, யோசிச்சுப் பேசுன்னு?... ஆமாண்ணே. நான்தான் சொன்னேன்."

டீச்சருக்கு மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. சொன்னபடி செய்த ஒரே பிள்ளையைப் போய்த் தலைகுனிய வைத்திருக்கிறாள்.

"போனை அவகிட்ட குடுங்கண்ணே... கெஞ்சிக் கேக்கறேன்... கண்ணு? நான்தான்டா. இங்க பாரு, நான் என்ன சொல்ல வந்தேன்னா... சரி. நீ பேசு..."

டீச்சருக்கு வாய் துறுதுறுத்தது. கையால் பொத்திக்கொண்டாள்.

"...ம்... தனியாக் கூப்பிட்டுச் சொல்லுவே... ம்... எல்லார் முன்னாடியும் சொல்ல மாட்டே... அன்னிக்கு இதைச் சொல்லத்தான் நின்னுட்டிருந்தியா?... ஐயோ கண்ணு, என்னை மன்னிச்சிடுடா. எல்லார் முன்னாடியும்தானே உன்னை அசிங்கப்படுத்தினேன், அங்கேயே வச்சு மன்னிப்பும் கேக்கறேன். நாளைக்கு வந்துடு... ஏன்?... சரி, சரி, யோசி. நான் பேசல."

இந்த முறை நிஜமாகவே பேசவில்லை. ஜன்னலுக்கு வெளியே யாரோ சைக்கிளைப் பூட்டிவிட்டுப் போனார்கள். இவள் காதிலிருந்து போனை எடுக்கவே இல்லை.

"...வர்றியா!... ஆனா?... மணி உன் மேசையில இருக்கணுமா? எதுக்கு?... ஓ, நான் குறுக்க பேசினா நீ அடிப்பியா?... அடி கண்ணு, நல்லா ஓங்கியே அடி. ஆனா ஒண்ணு, அடிக்கறதுக்கு முன்னாடி நீ என்ன பண்ணணும்னா... அது என்ன சத்தம்?... கத்தரிக்கோலை மேசையில தட்டினியா?... சரி, சரி, நிறுத்திட்டேன். வச்சிடறேன்."